வலி போன வீடுகள்

10 ஜூன் 2024

வலி – 8.

தினமும் சாயங்காலம் வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று இந்த நோட்டில் போட வேண்டுமாம். பூஜ்யம் என்றால் வலியே இல்லை. பத்து என்றால் உயிர் போகிறது. கூடவே இரண்டு வரி எழுதினால் நல்லது என்றார் வேலூர் ஆஸ்பத்திரி டாக்டரம்மா. இரண்டு வரியாம்! பத்தாவதில் தமிழில் எண்பத்தாறு வாங்கியவள் கையில் நோட்டைக் கொடுத்துவிட்டு இரண்டு வரி என்றால் எப்படி?

பெயர் சகாயமேரி. வயது நாற்பத்தேழு. மார்ச்சில் எனக்கு அக்கி வந்தது. வலது மார்புக்குக் கீழே தொடங்கி, விலாவைச் சுற்றி முதுகெலும்பு வரை, நாலு விரல் அகலத்துக்குக் கொப்புளம். என் வீட்டுக்காரர் பவுல்துரை, தேவிகாபுரம் மினிபஸ் ஓட்டுகிறவர், அவர் பேச்சைக் கேட்டுக் குயவர் சடையப்பன் வீட்டுக்குப் போய் அக்கி எழுதிக்கொண்டேன். சடையப்பன் காவியைக் குழைத்துக் கொடுக்க, அவர் சம்சாரம் என்னை உள்ளறையில் உட்கார வைத்துக் கோழி இறகால் விலாவில் சிங்கம் வரைந்தார். தலை முன்பக்கம், வால் நுனி முதுகெலும்பில். கொப்புளம் காய்ந்தது. சிங்கம் குளிக்கக் குளிக்க அழிந்துவிட்டது. வலி மட்டும் அதே நாலு விரல் அகலத்தில் நிற்கிறது. ஜாக்கெட் உரசினால் நெருப்பு. ஃபேன் காற்று பட்டாலும் நெருப்பு.

என் வேலையையும் எழுதிவிடுகிறேன். நான் பாவு பிணைக்கிறவள். தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழைகள்தான் பாவு. தறியில் ஒரு பாவு நெய்து முடிந்ததும் அதன் முனை கொஞ்சம் மீந்து நிற்கும். புதுப்பாவு வந்தால், பழைய இழை ஒவ்வொன்றோடும் புது இழை ஒன்றைச் சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் முறுக்க வேண்டும். பட்டுப் பாவு ஒன்றுக்கு நாலாயிரத்துச் சொச்சம் இழை. இந்த விலாவோடு குனிந்து உட்கார முடியாமல் மூன்று மாதமாக வீட்டில் கிடக்கிறேன். சும்மா கிடக்கிறதைவிட வலியே தேவலை.

14 ஜூன்

வலி – 8.

டாக்டரம்மா பெயர் ரீனா. சின்ன வயசுதான், சிரித்த முகம். நொச்சி இலை ஒத்தடம், எருக்கிலை வாட்டிப் போட்டது, ஊமத்தை எண்ணெய் எல்லாவற்றையும் சொன்னேன். ஊமத்தை என்றதும் சிரிப்பு போய்விட்டது. "செடியில இருந்து வர்றதெல்லாம் சாதுன்னு நெனைக்காதீங்கம்மா. அளவு தெரியாம தொடக் கூடாது."

அவர் ஆராய்ச்சியும் செடிதான். மிளகாயில் காரம் கொடுக்கிற பொருளுக்குக் கேப்சைசின் என்று பெயராம். அதைக் களிம்பாக்கித் தோலில் தினமும் தடவினால், வலியைக் கொண்டுபோகிற நரம்பு முனை முதலில் கத்தும். "கத்திக் கத்தி அப்புறம் ஓஞ்சிடும்மா. அவ்ளோதான்." நூறு பேருக்குக் கொடுக்கிறார்கள். பாதிப் பேர் டியூபில் மருந்து, பாதிப் பேர் டியூபில் வெறும் களிம்பு. எது யாருக்கு என்று டாக்டருக்கே தெரியாதாம். ஆறு மாதம் கழித்து, ஒட்டி வைத்த கவரைப் பிரித்தால்தான் தெரியும்.

"வீட்ல அரைக்கிற மொளகா பத்தலன்னு வேலூருக்கு பஸ் ஏறிப் போய் வாங்கியாந்தியா?" என்கிறார் என் வீட்டுக்காரர்.

15 ஜூன்

வலி – 9. காலையில் தடவினேன். ஐயோ மாதாவே! எரிந்தது பார், மிளகாய் அரைத்த அம்மியில் உட்கார்ந்த மாதிரி. அப்படியென்றால் எனக்கு மருந்துதான், வெறும் களிம்பு எரியுமா? கையுறை ஒரு டப்பா கொடுத்திருக்கிறார்கள். அதை மாட்டிக்கொண்டால் டியூப் மூடியே திறக்க வரவில்லை. அலமாரிக்கு மேலே தூக்கிப் போட்டேன்.

2 ஜூலை

வலி – 5. இன்று நெசவுக்காரர் கமலக்கண்ணன் வீட்டில் பாவு பிணைத்தேன். மூன்று மாதத்துக்கு அப்புறம் முதல் பாவு! சாயங்காலம் ஆகிவிட்டது, ஆனால் முடித்துவிட்டேன்.

19 ஜூலை

வலி – 2.

இந்த மாதத்தில் இது நாலாவது பாவு. பிணைக்கப் பிணைக்க விலா லேசாகிறது. காலையில் களிம்பைத் தடவுகிறேன், கையைக் கழுவுகிறேன், போய் உட்காருகிறேன். எந்த வீட்டுக்குப் போனாலும் கொட்டாங்குச்சியில் அடுப்புச் சாம்பலைச் சலித்து வைத்திருப்பார்கள். வேலை முடிந்ததும் அதைத் தறிக்குப் பக்கத்திலேயே விட்டு வருவேன். நெய்யும்போது அறுந்த இழையைச் சேர்க்க வீட்டுக்காரர்களும் அந்தச் சாம்பலைத்தான் தொடுவார்கள்.

இவரிடம், "வலி எங்கதான் போச்சோ" என்றேன்.

"எங்கன்னா போயித்தானே இருக்கணும்" என்று சொல்லிவிட்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டார்.

24 ஜூலை

வலி – 0.

பூஜ்யம் போடக் கை வரவில்லை. மத்தியானம் திடீரென்று கவனித்தேன், இல்லை. விலாவைத் தொட்டேன், கிள்ளினேன். கிள்ளிய வலி மட்டும்தான் இருந்தது. சந்தோஷப்படாமல் வீடு முழுக்க ஏன் தேடினேன் என்று தெரியவில்லை. நிஜமாகவே கதவுக்குப் பின்னால் பார்த்தேன். நாலு மாதம் கூடவே கிடந்தது சொல்லாமல் எழுந்து போன மாதிரி.

29 ஜூலை

வலி – 0. கமலக்கண்ணனுக்கு இரண்டு கையும் எரிகிறதாம். "ஒண்ணுமே தெரியல மேரியம்மா. செவப்பு இல்ல, கொப்புளம் இல்ல. தண்ணியில வெச்சா ஜாஸ்தியா எரியுது" என்றார். சாயப் பட்டறைப் பக்கம் போயிருப்பார். அவர் கையை அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

6 ஆகஸ்ட்

வலி – 0.

சேவூரில் கன்னியம்மாள் வீட்டுப் பாவு. கன்னி எனக்குப் பத்து வயது சின்னவள். கிறிஸ்மஸுக்கு என் வீட்டில் அவளும் பொங்கலுக்கு அவள் வீட்டில் நானும் சாப்பிட்டுப் பதினைந்து வருஷம் ஆகிறது. அவள் புருஷன் பச்சையப்பனைவிட அவள் கை நெசவில் சுத்தம். நான் பிணைக்க, எதிரே உட்கார்ந்து கதை பேசிக்கொண்டே இருந்தாள். "அக்கா, நீ வந்தாதான் எனக்கு வாயத் தொறக்கவே ஆள் கெடைக்குது" என்றாள். எனக்கும்தான்.

11 ஆகஸ்ட்

கன்னிக்குக் கை எரிகிறது.

அபிதகுசாம்பாள் வீட்டிலும். அவர்களுக்கு இரண்டு வாரம் முன்னால் பிணைத்தேன்.

கமலக்கண்ணன், அபிதகுசாம்பாள், கன்னி. மூன்று வீடும் என் கை பட்ட வீடு. பூசையில் உட்கார்ந்து இதையே எண்ணிக்கொண்டிருந்தேன். சாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்று கேட்டால் தெரியாது.

15 ஆகஸ்ட்

வலி – 0.

மாதா பண்டிகை அதுவுமாக இப்படியா? கன்னிக்குப் பாயசம் எடுத்துக்கொண்டு போனேன். பச்சையப்பன் வாசலிலேயே நிறுத்திவிட்டான். நான் தொட்டுப் பிணைத்த சாம்பல் கொட்டாங்குச்சி தெருவில் கவிழ்ந்து கிடந்தது.

"உன் அக்கி உன் கையில இறங்கி நூல் வழியா வந்துகினு இருக்குது. மூணு தறி நின்னுபோச்சு. இந்தத் தெருவுல இனிமே எந்தப் பாவையும் தொடாதக்கா. கெஞ்சிக் கேக்கறேன், போய்டு."

அக்கி எங்கேயாவது நூல் வழியாக வருமா, அறிவு இருக்கிறதா உனக்கு என்று கத்தினேன். நல்லாக் கத்தினேன். கன்னி ஜன்னல் கிட்ட நின்னு கைய ஈரத் துணியில சுத்திகினு பார்த்தா. ஒரு வார்த்த பேசல. வா அக்கான்னு ஒரு வார்த்த! பாயசத்த வழியில நாய்க்கு ஊத்திட்டேன். அதுகூட மோந்து பார்த்துட்டுப் போயிடுச்சு.

30 ஆகஸ்ட்

வலி – 3. யாரும் கூப்பிடவில்லை. களிம்பு மட்டும் விடாமல் தடவுகிறேன்.

9 செப்டம்பர்

வலி – 7.

வந்துவிட்டது. அதே நாலு விரல். டியூப் பழசாகியிருக்குமோ என்று புது டியூபைப் பிரித்தேன். அதுவும் எரிகிறது, ஆனால் வலி இறங்கவில்லை. தெருவில் போகும்போது பெண்கள் பேச்சை நிறுத்துகிறார்கள். கமலக்கண்ணனுக்கு மட்டும் கை சரியாகிவிட்டதாம். நன்றாக இருக்கட்டும்.

13 செப்டம்பர்

டாக்டரம்மாவுக்குப் போன் செய்து அழுதுவிட்டேன். நான் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார். அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்தக் கையால் தடவுகிறீர்கள்? எதால் கழுவுகிறீர்கள்? அப்புறம் என்ன தொடுகிறீர்கள்?

சாம்பல் என்றதும், "அம்மா!" என்று ஒரு கத்தல். "மிளகாய்க் காரம் தண்ணிக்குப் போகாது, எண்ணெய்க்குத்தான் போகும். உங்க விரல்ல ஒட்டிக்கினு இருந்தது சாம்பல்ல இறங்கியிருக்கும். அதையே அவங்களும் தொட்டிருக்காங்க. அக்கியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அதுக்குத்தானே கையுறை குடுத்தேன்?"

அலமாரிக்கு மேலே இருந்து டப்பாவை எடுத்தேன். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா?

15 செப்டம்பர்

இவர் பஸ்ஸுக்கு லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தார். மூன்று வீட்டுக்கும் போய் நின்றேன். டாக்டரம்மா போனில் ஸ்பீக்கரில் எல்லாரிடமும் சொன்னார். அபிதகுசாம்பாள் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏம்மா மேரி, பட்டுக்கு மொளகா வறுவலா போட்ட?" பச்சையப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "மன்னிச்சுக்கக்கா" என்றான். கன்னி ஓடி வந்து கட்டிக்கொண்டாள். என் விலா துடித்தது. பரவாயில்லை என்று நின்றேன்.

28 செப்டம்பர்

வலி – 3. தீபாவளிச் சேலைகளுக்குப் பாவு குவிகிறது. கையுறை மாட்டித்தான் தடவுகிறேன். அப்புறம் எண்ணெய், சோப்பு, தண்ணீர். அதற்கப்புறம்தான் நூல்.

20 அக்டோபர்

வலி – 0. கன்னிக்கு மட்டும் இந்த மாதம் இரண்டு பாவு. யாருக்கும் கை எரியவில்லை.

9 நவம்பர்

வலி – 0.

கன்னி ஒரு வாரமாகத் தறியில் உட்காரவில்லை என்றார்கள். பார்க்கப் போனேன். சுவர்ப் பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். ஸ்கேன், ரத்தம், எல்லாம் பார்த்தாயிற்று. ஒன்றும் இல்லை என்கிறார்கள்.

"எங்கடி வலிக்குது?"

ரவிக்கையைத் தூக்கிக் காட்டினாள். தோல் சுத்தமாக இருந்தது. ஒரு பொட்டு இல்லை. வலிக்கிற இடத்தை விரலால் வரைந்து காட்டினாள். வலது மார்புக்குக் கீழே தொடங்கினாள். விலாவில் வளைந்தாள். முதுகெலும்பு கிட்டே வந்ததும் விரல் மேலே ஏறி ஒரு சுழி சுழித்து நின்றது.

வால்.

சடையப்பன் சம்சாரம் எழுதியபோது வால் நுனியை அப்படித்தான் சுழித்தார். முதுகில் இறகு கூசியது எனக்கு நினைவிருக்கிறது. கன்னி அதைப் பார்த்ததே இல்லை. அவரையும் இவரையும் தவிர யாருமே பார்த்ததில்லை.

"காத்து பட்டா நெருப்பு மாதிரி கீது மேரிக்கா" என்றாள். எழுந்து போய் ஃபேனை நிறுத்தினேன்.

16 டிசம்பர்

கவரைப் பிரித்துவிட்டார்கள்.

டாக்டரம்மாவுக்கு ஒரே உற்சாகம். "மேரியம்மா, ஆச்சரியம் தெரியுமா? உங்களுக்கு வந்தது வெறும் களிம்பு! ஒரு துளி மிளகா கிடையாது. அதுக்கே உங்களுக்கு பூஜ்யம் வந்திருக்கு! நம்பிக்கைக்கு எவ்ளோ சக்தி பாருங்க."

எரிந்ததே என்றேன். எரியும் என்று நினைத்ததால் எரிந்ததாம்.

அவர்கள் கை எரிந்ததே என்றேன்.

அவர் கையிலிருந்த தாளைத் திரும்பப் பார்த்தார். "வேற ஏதாவது காரணமா இருக்கும்மா. சாயம், சோப்பு... நான்தான் அவசரப்பட்டு மிளகான்னு சொல்லிட்டேன். சாரிம்மா." இனிமேல் எனக்கு நிஜ மருந்து தருவார்களாம். பையில் போட்டுக் கொடுத்தார். மார்க்கை மட்டும் தனித்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இந்த நோட்டு இனி அவருக்குக் கிடையாது.

17 டிசம்பர்

மொளகா இல்ல. அப்போ என் கையில இன்னா இருந்துச்சு?

அந்தச் சாம்பல்ல நான் இன்னாத்த வெச்சிட்டு வந்தேன்? கையுறை மாட்டி, எண்ணெ தேச்சி, சோப்பு போட்டுக் கழுவுன அப்புறம்கூட... கையில எறங்க வழி இல்லன்னு ஆனதும் நேரா கன்னி விலாவுக்கே போச்சா? மாதாவே, நான் யாருக்கும் கெடுதல் நெனைக்கலயே. கன்னிக்கா நெனைப்பேன்?

18 டிசம்பர்

வலி – 0.

நோட்டை முதலிலிருந்து புரட்டினேன். பாவு பிணைத்த வாரமெல்லாம் மார்க் இறங்குகிறது. யாரும் கூப்பிடாத வாரமெல்லாம் ஏறுகிறது. எனக்கு ஏழு வந்த செப்டம்பரில்தான் கமலக்கண்ணனுக்குக் கை சரியானது. அந்த வாரமே அபிதகுசாம்பாளுக்கும் கன்னிக்கும். கன்னி வீட்டில் சாம்பலைக் கொட்டியும் மூன்று வாரம் எரிந்தது; மற்ற இரண்டு வீட்டிலும் கொட்டும் முன்னாலேயே சரியாகிவிட்டது. மூன்று வீட்டுக்கும் போன அன்று சந்தோஷத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை. தீபாவளிக்குக் கன்னி வீட்டில்தான் அதிகம் பிணைத்தேன்.

இவரிடம் சொன்னேன். "பைத்தியமா உனக்கு? மொளகாவும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. எல்லாருக்கும் மனசு. பயந்தா எரியும், அவ்ளோதான்." நன்றாகத்தான் சொன்னார். ஆனால் காபி டம்ளரை நீட்டினபோது கையில் வாங்கவில்லை. "அங்க வை" என்றார்.

25 டிசம்பர்

வலி – 0. கிறிஸ்மஸ். கன்னி வரவில்லை. உட்கார முடியாதாம். பிரியாணி அப்படியே இருக்கிறது.

3 ஜனவரி 2025

வலி – 2. அபிதகுசாம்பாள் கூப்பிட்டார், கமலக்கண்ணன் கூப்பிட்டார். இரண்டு பேரிடமும் எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். பத்து நாளாக ஒரு இழையைத் தொடவில்லை. மனசுதான் என்றால் ஒன்றும் ஆகாது. பார்ப்போம்.

11 ஜனவரி

வலி – 5.

நிஜ மருந்தை இன்றுதான் பிரித்தேன். கையுறை மாட்டித் தடவினேன். இது எரிச்சல். சமையலறையில் வற்றலை நெருப்பில் போட்டால் வருகிற அதே எரிச்சல், மூக்குக்கும் தெரிகிறது. ஆறு மாதம் எரிந்ததே, அது இப்படி இல்லை. அதற்கு வாசனையே கிடையாது. ஏன் அன்று தெரியவில்லை?

வாரக்கணக்கில் தடவினால்தான் நரம்பு ஓயும் என்கிறார் டாக்டரம்மா. தடவுகிறேன்.

14 ஜனவரி

வலி – 6. பொங்கல். சேவூருக்குப் போகவில்லை. பதினைந்து வருஷத்தில் முதல் தடவை.

20 ஜனவரி

வலி – 7. ஃபேன் வேண்டாம் என்றேன். இவர் புழுக்கம் என்று வெளியறையில் படுத்துக்கொள்கிறார்.

27 ஜனவரி

வலி – 8.

காலையில் கன்னி போன் செய்தாள். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

"மேரிக்கா! படுத்ததுதான் தெரியும், விடிஞ்சதுதான் தெரியும். மூணு நாளா வலியே இல்லக்கா. நேத்து தறியில எறங்கிட்டேன். டாக்டரே ஆச்சரியப்பட்டுகினு இருக்காரு."

"நல்லா இரு கன்னி" என்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பாவு ஒண்ணு முடியப்போவுதுக்கா. புதுசு வந்து ரெடியா கீது. நீ எப்ப வர்றே? பொங்கலுக்கும் வரல. கரும்பு எடுத்து வெச்சி, காஞ்சே போச்சு."

"கண்ணு சரியாத் தெரியல கன்னி. இழை எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது. வேற ஆளப் பாரு."

"கண்ணாஸ்பத்திரிக்கு நான் கூட்டிகினு போறேன்."

"வேணாம்."

அந்தப் பக்கம் தறிச் சத்தம் கேட்டது. பச்சையப்பன் நெய்துகொண்டிருக்கிறான் போல.

"அன்னிக்கு ஜன்னல்ல நின்னுகினு வாயத் தொறக்கல, அந்தக் கோவமாக்கா?"

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? ஆமாம் என்றால்தான் வீட்டுக்குத் தேடிக்கொண்டு வர மாட்டாள். அழுதபடி வைத்துவிட்டாள்.

கையுறையை மாட்டிக்கொண்டு சாயங்காலத்து மருந்தைத் தடவினேன்.